சுண்டெலிக் கூடத்தைப் புதுப்பிக்கப் பணம் வந்திருக்கிறது: எதை முதலில் வாங்குவது?

திட்ட நிதியில் கருவிகளுக்கென ஒரு தொகை வந்திருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஆய்வுச் சுண்டெலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் உள்ள கூண்டுகளோ மஞ்சளித்து, விளிம்பெல்லாம் கடிபட்டுக் கிடக்கின்றன. பார்மசி கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கும் நண்பர்கள் இந்தக் கட்டத்தில்தான் கேட்கிறார்கள்: ஐவிசி வாங்கிவிடலாமா, இருப்பதையே சரிசெய்து ஓட்டலாமா?

ஐவிசி என்பது ஒவ்வொரு கூண்டுக்கும் வடிகட்டிய காற்றைத் தனித்தனியாகச் செலுத்தி வெளியே எடுக்கும் ரேக். கண்ணாடிபோன்ற கூண்டுகள் வரிசையாக நிற்கும். ஆய்வுக்கு வரும் குழுவினருக்கும் பார்த்தவுடன் பிடித்துப்போகும். ஆனால் சுண்டெலிகளை நோயில்லாமல் வைத்திருப்பது ஒரு சங்கிலி. கூண்டு அதில் ஒரு கண்ணி மட்டுமே. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி), கூண்டு கழுவும் முறை, அறையின் காற்று, மின்சார மாற்று ஏற்பாடு, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஆகியவற்றில் ஒன்று அறுந்தாலும் விலையுயர்ந்த கண்ணியால் பயனில்லை. எனவே பெரும்பாலான கல்லூரிகள் ரேக்குக்கு விலைப்புள்ளி கேட்கும் முன் மற்ற கண்ணிகளைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், ஐவிசி இல்லாமல் செய்யவே கூடாத ஆய்வுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய அளவுகோல்கள் வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்தச் சுண்டெலி, எவ்வளவு காலத்துக்கு? சுவிஸ் ஆல்பினோ சுண்டெலியை வாங்கி, சில வாரங்கள் மருந்து கொடுத்து, ஆய்வை முடிக்கும் கூடத்தின் தேவை வேறு. மரபணு நீக்கிய ஒரு வகையைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் கூடத்தின் தேவை வேறு. தைமஸ் சுரப்பி இல்லாத நியூட் வகையையும், நோயெதிர்ப்பு கிட்டத்தட்ட முழுவதும் நீக்கப்பட்ட என்எஸ்ஜி வகையையும் நமக்குச் சாதாரணமாகத் தெரியும் கிருமியே கொன்றுவிடும்.

அடுத்தது, எந்தக் கிருமியை வெளியே நிறுத்தப் போகிறீர்கள்? 'கிருமியில்லாத கூடம்' என்று பொதுவாகச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. சுண்டெலி ஹெபடைட்டிஸ் வைரஸ், சுண்டெலி நோரோவைரஸ், பார்வோவைரஸ், ஹெலிகோபாக்டர், குடலில் வாழும் ஊசிப்புழு, ரோமத்தில் ஒட்டும் உண்ணிப்பேன் என்று பட்டியல் வேண்டும். இவற்றில் பல, வளர்ந்த சுண்டெலியில் வெளியே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால் அதன் நோயெதிர்ப்புச் செல்கள் மாறியிருக்கும். உங்கள் மருந்து வேலை செய்கிறதா, வைரஸ் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியாது. சுண்டெலியின் உயிரும் மாணவரின் மூன்று ஆண்டு உழைப்பும் சேர்ந்தே வீணாகும்.

மூன்றாவது, காற்றும் வெப்பமும். சிபிசிஎஸ்இஏ என்ற பெயரில் இருந்து இன்று சிசிஎஸ்இஏ என அழைக்கப்படும், விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் நடுவண் குழுவின் வழிகாட்டுதல்படி அறை வெப்பம் 18 முதல் 29 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், மணிக்கு 12 முதல் 15 முறை காற்று மாற்றம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அக்டோபர் மாதத்தில் ஈரப்பதத்தை 70-க்குக் கீழே நிறுத்துவதுதான் உண்மையான சோதனை. வெப்பத்தை ஏசி பார்த்துக்கொள்ளும். ஈரத்தை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதுபவர்கள் குறைவு.

பிறகு ஆள், மின்சாரம், ஐந்தாண்டுச் செலவு. கருவி வாங்கத் திட்ட நிதி கிடைக்கும். வடிகட்டி மாற்றவும், பழுது பார்க்கவும், மின்கட்டணம் கட்டவும், தற்காலிகப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் பெரும்பாலும் கிடைக்காது. நம் ஊர்க் கூடங்களில் நல்ல கருவிகள் துணி மூடிக் கிடப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். மேம்படுத்தலின் விலையைக் கணக்கிடும்போது வாங்கும் விலையை ஒரு வரியாகவும், ஐந்து ஆண்டு ஓட்டும் செலவை இன்னொரு வரியாகவும் எழுதி, இரண்டாவது வரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாகச் சுண்டெலியின் நலன். வரிசையில் கடைசியாக எழுதினாலும், மற்ற எல்லா அளவுகோல்களையும் இதைக் கொண்டுதான் நான் எடைபோடுகிறேன். வலியிலும் பயத்திலும் குளிரிலும் இருக்கும் உயிரிடமிருந்து வரும் எண்கள் நம்பத்தக்கவை அல்ல.

## முதல் வழி: திறந்த கூண்டுகளை வைத்துக்கொண்டு அறையைச் சீராக்குவது

கம்பி மூடி போட்ட சாதாரணக் கூண்டுகள் அப்படியே இருக்கும். பணம் முழுவதும் அறைக்குப் போகும்: காற்றோட்டம், ஈரப்பதக் கட்டுப்பாடு, இரட்டைக் கதவு ஆட்டோகிளேவ், விரிசலில்லாத தரை, உடை மாற்றும் இடம், 12 மணி நேர விளக்குக் கடிகாரம்.

இந்த வழியைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுகிய கால மருந்தியல் ஆய்வுக்கு, நம்பிக்கையான ஓரிடத்திலிருந்து சுண்டெலி வாங்கி, ஒரு தொகுதி முடிந்ததும் அறையைக் காலிசெய்து கழுவி, பிறகு அடுத்த தொகுதியைக் கொண்டுவரும் கூடத்துக்கு இதுவே போதும். காற்று கூண்டுக்குள் தடையில்லாமல் போகிறது. சுண்டெலிகளை ஒரே பார்வையில் கவனிக்க முடிகிறது. மின்சாரம் போனாலும் மூச்சு முட்டாது.

உமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் கூண்டில் விரிப்பது பெரும்பாலும் நெல் உமி. மலிவு, அருகிலேயே கிடைக்கும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது? அரிசி ஆலையிலிருந்து, காட்டெலியும் வீட்டெலியும் நிறைந்த இடம். அவற்றின் சிறுநீரும் புழு முட்டைகளும் மூட்டையோடு வரும். அந்த மூட்டையைப் பிரித்து நேரே கூண்டில் கொட்டினால், எத்தனை லட்ச ரூபாய் ரேக் இருந்தாலும் ஊசிப்புழு உள்ளே வந்துவிட்டது. உமியைத் துணிப்பையில் தளர்வாக நிரப்பி 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். பையை இறுக்கி நிரப்பினால் நீராவி நடுப்பகுதிக்குப் போவதில்லை. ஓரம் வெந்து, மையம் அப்படியே இருக்கும். பையின் நடுவில் சோதனைப் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டோகிளேவ் சிறியதாக இருக்கிறதென்று பையைத் திணிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே முதலில் வாங்க வேண்டியது பெரிய ஆட்டோகிளேவ்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, முழுக்க வெளிக்காற்றை இழுத்துக் குளிர்வித்து வெளியேற்றும் ஏசியின் மின்கட்டணம். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 72 கன மீட்டர். மணிக்கு 15 முறை மாற்றினால் 1,080 கன மீட்டர் கோடைக்காற்றை ஒவ்வொரு மணி நேரமும் குளிர்விக்க வேண்டும். மற்றது, தொற்று. ஒரு கூண்டில் வந்த நோய் அறை முழுவதற்கும் சொந்தம். வந்தால் அறையையே காலிசெய்ய வேண்டியிருக்கும். பராமரிப்பாளருக்கும் பாதிப்பு உண்டு. சுண்டெலியின் சிறுநீர்ப் புரதம் காற்றில் மிதந்து, சில ஆண்டுகளில் தும்மலாகத் தொடங்கி ஆஸ்துமாவில் முடியலாம். திறந்த கூண்டை வைத்திருக்கும் நிர்வாகம் முகக்கவசத்துக்கும் ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

## இரண்டாம் வழி: வடிகட்டி மூடிக் கூண்டுகள்

1958-இல் லிஸ்பெத் கிராஃப்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், குட்டிச் சுண்டெலிகளைத் தாக்கும் வயிற்றுப்போக்கு கூண்டிலிருந்து கூண்டுக்குப் பரவுவதை வடிகட்டி சுற்றிய கூண்டால் தடுக்க முடியும் என்று காட்டினார். இன்றைய வடிகட்டி மூடிக் கூண்டின் தொடக்கம் அதுதான். பெட்டியின் மேல் ஒரு கவிழ்த்த மூடி, அதில் வடிகட்டித் தாள். மின்சாரமே வேண்டாம். பெட்ரி தட்டைப்போலத் தூசும் கிருமியும் உள்ளே விழாமல் காக்கும்.

விலையும் பாதுகாப்பும் இடைநிலையில் இருப்பதால் இதுவே சமரசத் தேர்வு என்று தோன்றும். என் அனுபவத்தில் மிகவும் கண்டிப்பான கையொழுக்கத்தைக் கேட்பது இந்த வழிதான். மூடி திறக்கும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாமே இருக்கிறது. வடிகட்டிய காற்று வீசும் மேசையில் ஒரு அழுக்குக் கூண்டும் ஒரு புதுக் கூண்டும் மட்டும் இருக்க வேண்டும். கையுறையைக் கிருமிநாசினியில் நனைத்து, மூடியை எடுத்து, சுண்டெலிகளை மாற்றி, மூடி, மேசையைத் துடைத்து, கையுறையை மறுபடி நனைத்த பிறகே அடுத்த கூண்டு. பத்தாவது கூண்டில் இது சரியாக நடக்கும். நூற்றிருபதாவது கூண்டில், மாலை நான்கு மணிக்கு, ஒரே ஆள் செய்யும்போது நடக்குமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கூண்டுகளின் மூடியை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் வடிகட்டி மூடி வெறும் அலங்காரம்.

அடுத்த சிக்கல் அம்மோனியா. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக்குகின்றன. ஈரம் கூடினால் வேகமும் கூடும். மூடி கிருமியைத் தடுப்பதோடு காற்றையும் தடுக்கிறது. பணியிடத்தில் மனிதருக்கு எட்டு மணி நேர வரம்பாகப் பரிந்துரைக்கப்படுவது 25 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு. ஐந்து பெரிய சுண்டெலிகள் உள்ள இந்த வகைக் கூண்டில் ஒரு வாரத்துக்குள் அது தாண்டப்படுவது சாதாரணம். அறையின் காற்று மாற்றத்தை எவ்வளவு கூட்டினாலும் கூண்டுக்குள் பெரிய மாற்றம் வராது. எனவே வாரம் ஒருமுறையாவது, பல இடங்களில் இருமுறை, கூண்டு மாற்ற வேண்டும். 200 கூண்டுகள் என்றால் வாரம் 200 முதல் 400 மாற்றங்கள். ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஒழுங்கோடு. கொட்டேஷனில் மூடியின் விலை இருக்கும். காற்று மேசையின் விலையும் கூடுதல் ஆளின் சம்பளமும் இருக்காது.

கூண்டுகள் நூறுக்குள் இருந்து, நிலையான பணியில் கவனமான இரண்டு பராமரிப்பாளர்கள் இருந்தால் இந்த வழி நன்றாக வேலை செய்யும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் நோயெதிர்ப்புக் குறைந்த சில சுண்டெலிகளை மட்டும் வைக்க வேண்டியவர்களுக்கும் இது பொருந்தும். புதிதாக வந்த சுண்டெலிகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் அறைக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

## மூன்றாம் வழி: ஐவிசி ரேக்

ஒவ்வொரு கூண்டுக்கும் ஹெப்பா வடிகட்டி வழியே காற்று. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி அது. கூண்டுக்குள் காற்று மணிக்கு 50 முதல் 80 முறை மாறும். உமி உலர்ந்தே இருப்பதால் அம்மோனியா குறைவு. பொதுவாக 14 நாளுக்கு ஒருமுறை கூண்டு மாற்றினால் போதும். மேலே சொன்ன 200 கூண்டுகளுக்கு வாரம் 100 மாற்றம். அழுத்தத்தை உயர்த்தி வைத்தால் வெளிக்கிருமி உள்ளே வராது. தாழ்த்தி வைத்தால் உள்கிருமியும் ஒவ்வாமைப் புரதமும் வெளியே வராது. தொற்றுநோய் ஆய்வு செய்பவர்களுக்கு இரண்டாவது வசதி விலைமதிப்பற்றது.

மின்செலவில் இது கொடுக்கும் சேமிப்பைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டு லிட்டர் கொள்ளளவுள்ள 80 கூண்டுகளுக்கு மணிக்கு 75 முறை காற்று மாற்ற 48 கன மீட்டர் காற்று போதும். அதே அறைக்கு முன்பு 1,080 கன மீட்டர் தேவைப்பட்டது. ரேக்கின் வெளியேறும் காற்றை நேரே கட்டடத்தின் வெளியேற்றுக் குழாயில் இணைத்துவிட்டால் நாற்றமும் வெப்பமும் அறைக்கு வருவதில்லை. அறையின் காற்று மாற்றத்தைக் குறைக்க வழி பிறக்கிறது. விதிமுறையைக் காட்டி, கூடத்தைப் பார்வையிட வரும் குழுவிடம் முன்பே பேசி, அதன் பிறகே குறைக்க வேண்டும்.

இனி மறைந்திருப்பவை.

மின்சாரம்தான் முதலாவது. காற்றைத் தள்ளும் ஊதி (ப்ளோயர்) நின்றால் மூடிய கூண்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சில சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும். யுபிஎஸ் வைத்தோம் என்பார்கள். யுபிஎஸ் ஊதியை மட்டும் ஓட்டும், ஏசியை ஓட்டாது. மே மாதத்தில் அறை 36 டிகிரிக்கு ஏறினால், ஊதி அந்தச் சூடான காற்றைத்தான் ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் தள்ளும். எனவே ஊதியும் ஏசியும் ஒரே ஜெனரேட்டரில் தானாக மாற வேண்டும். அந்த ஜெனரேட்டர் வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். 2001-இல் ஹூஸ்டனில் அலிசன் புயலின்போதும் 2012-இல் நியூயார்க்கில் சாண்டி புயலின்போதும் கீழ்த்தளத்தில் இருந்த கூடங்களில் ஆயிரக்கணக்கான சுண்டெலிகள் மூழ்கி இறந்தன. 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டட வரைபடத்தில் விலங்குக் கூடத்துக்கு அடித்தளத்தை ஒதுக்கியிருந்தால், ரேக்கைப் பற்றிப் பேசும் முன் அந்த வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, குளிர். சுண்டெலிக்குச் சுகமான வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. நமக்கு இதமான 22 டிகிரியில் அது உடல் சூட்டைக் காக்கவே சக்தியைச் செலவிடுகிறது. கூண்டுக்குள் காற்றும் வீசினால் இன்னும் கூடுதல். இது கருணை சார்ந்த செய்தி மட்டுமல்ல. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தினர் 2013-இல், 30 டிகிரியில் வைத்த சுண்டெலிகளைவிட 22 டிகிரியில் வைத்தவற்றில் புற்றுக்கட்டி வேகமாக வளர்ந்ததைக் காட்டினார்கள். ஆகவே ஐவிசிக்கு மாறும் நாளிலிருந்தே ஒவ்வொரு கூண்டிலும் கூடு கட்ட எட்டு முதல் பத்து கிராம் காகித இழையோ பஞ்சோ போட வேண்டும். கூடு குமிழ்போல மூடி எழும்பியிருந்தால் சுண்டெலி நலமாக இருக்கிறது. தட்டையாகவே கிடந்தால் குளிரா, நோயா, வலியா என்று பாருங்கள். ஆண்டு முழுவதற்குமான இந்தச் செலவை டெண்டர் மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது, உதிரிகள். ஹெப்பா வடிகட்டி, அதற்கு முன்னிருக்கும் தூசு வடிகட்டி, ரப்பர் வளையங்கள், காற்று வால்வுகள். டெக்னிபிளாஸ்ட், ஆலன்டவுன் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கூண்டுகள் அவரவர் ரேக்கில்தான் பொருந்தும். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் கூண்டையே பத்தாண்டுக்கு வாங்க வேண்டியிருக்கும். கழுவும்போதும் ஆட்டோகிளேவிலும் ஒரு தொகுதி இருக்க, இன்னொரு தொகுதி ரேக்கில் இருக்க வேண்டும். ரேக்கில் 80 இடம் என்றால் குறைந்தது 120 கூண்டுகள் வாங்க வேண்டும். தானியங்கி நீர் வசதியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறு கூடங்களுக்கு வேண்டாம் என்பேன். வால்வு ஒன்று சிக்கி ஒழுகினால் அடைத்த கூண்டில் நீர் தேங்கி, இரவோடிரவாகக் குட்டிகள் மூழ்கிவிடும். பாட்டிலில் அந்த ஆபத்து ஒரு பாட்டில் நீரோடு முடிகிறது.

நான்காவது, கண்காணிப்பு. அறையிலுள்ள சுண்டெலிகளுக்கு நோய் இருக்கிறதா என்று அறிய, அழுக்கு உமியைக் காவல் சுண்டெலிகளின் கூண்டில் போட்டுச் சோதிப்பது வழக்கம். ஐவிசியில் காற்று பிரிந்துவிடுவதால் சில கிருமிகளும் உண்ணிப்பேன்களும் இந்த வழியில் பிடிபடுவதில்லை. ரேக்கின் வெளியேற்றுக் குழாயில் படியும் தூசில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வது இப்போதைய சிறந்த வழி. காவலுக்கென்று சுண்டெலிகளைப் பலி கொடுக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சோதனைக் கட்டணம் ஆண்டுச் செலவில் சேரும்.

நியூட், என்எஸ்ஜி, பல்வேறு மரபணு வகைகளை ஒரே அறையில் வளர்ப்பது, தொற்றுக்கிருமி ஆய்வு: இவற்றில் ஏதேனும் உங்கள் வேலை என்றால் ஐவிசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

## நான்காம் வழி: கூடத்தைப் பெரிதாக்காமல் பொது வசதியைப் பயன்படுத்துவது

இந்த வழியைப் பெரும்பாலும் யாரும் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஆண்டுக்கு ஓரிரு ஆய்வுகள் மட்டுமே நடக்கும் கல்லூரி ஏன் தனியாக இனப்பெருக்கக் கூடம் வைத்திருக்க வேண்டும்? ஹைதராபாத் ஜீனோம் வேலியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய விலங்கு வள மையம் இருக்கிறது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்குப் பிரிவு இருக்கிறது. மரபணு மாற்றிய சுண்டெலி உருவாக்க பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்சிபிஎஸ்) வளாகத்தில் தனி வசதி இருக்கிறது.

இதோடு உறைநிலைச் சேமிப்பையும் சேர்த்துப் பாருங்கள். 1972-இல் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் மூவரும் சுண்டெலிக் கருக்களை உறையவைத்து மீண்டும் உயிர்ப்பித்துக் குட்டிகளைப் பெற்றார்கள். ஆய்வு இல்லாத காலத்திலும் ஒரு வகையைக் காப்பாற்றுவதற்காகவே முப்பது கூண்டுகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த வகையின் கருவையோ விந்தையோ திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிட்டால் பிறந்து, பயனின்றி இறக்கும் சுண்டெலிகளின் எண்ணிக்கையே குறையும். திரவ நைட்ரஜன் நமக்குப் புதிதல்ல. காளை விந்துக்காகக் கால்நடைத் துறை அதை மாவட்டந்தோறும் கொண்டுபோகிறது. நோய் புகுந்த வகையைத் தூய்மைப்படுத்தவும் கருவை நோயற்ற தாய்க்கு மாற்றுவதே நம்பகமான வழி.

இங்கும் மறைவுச் செலவு உண்டு. பயனர் கட்டணம், மாணவர் வெளியூரில் தங்கும் செலவு, இரண்டு நிறுவனங்களின் நெறிக்குழு ஒப்புதல், வரிசையில் காத்திருக்கும் மாதங்கள். சுண்டெலிகளைப் பயணம் செய்யவைத்தால் எடையும் ஹார்மோன்களும் மாறும். வந்த பிறகு சில நாள் அமைதியாக இருக்கவிட்டே ஆய்வைத் தொடங்க வேண்டும். கோடையில் பகல்நேரப் பயணம் கூடவே கூடாது. நடத்தை ஆய்வோ, ஒவ்வொரு நாளும் அளவெடுக்கும் ஆய்வோ செய்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | திறந்த கூண்டு, சீரான அறை | வடிகட்டி மூடி | ஐவிசி | பொது வசதி |
|---|---|---|---|---|
| வாங்கும் செலவு | அறை வேலையைப் பொறுத்தது | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு |
| ஓட்டும் செலவு | ஏசி மின்கட்டணம் | ஆள், காற்று மேசை | வடிகட்டி, உதிரி, ஒப்பந்தம் | கட்டணம், பயணம் |
| கூண்டுக்குக் கூண்டு தொற்று | தடுக்காது | கையொழுக்கம் இருந்தால் தடுக்கும் | நன்கு தடுக்கும் | அந்த வசதியின் தரம் |
| கூண்டு மாற்றம் | வாரம் 1 முதல் 2 | வாரம் 1 முதல் 2 | 14 நாளுக்கு ஒருமுறை | உங்கள் வேலை அல்ல |
| மின்தடை | வெப்பமே கவலை | வெப்பமே கவலை | மூச்சும் வெப்பமும் | அவர்கள் பொறுப்பு |
| பணியாளர் ஒவ்வாமை | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | பொருந்தாது |
| பொருத்தமான வேலை | குறுகியகால மருந்தியல் | சிறு தொகுதி, தனிமைப்படுத்தல் | நோயெதிர்ப்புக் குறைந்தவை, மரபணு வகைகள், தொற்று | ஆண்டுக்கு ஓரிரு ஆய்வு |

## எந்த வழியிலும் தப்பிக்க முடியாதது: கழுவுதல்

1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பேட்ரிசியா ஹண்டின் ஆய்வகத்தில், எந்த மருந்தும் கொடுக்காத ஒப்பீட்டுக் குழுச் சுண்டெலிகளின் சினைமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு திடீரென்று பெருகியது. தேடித் தேடிப் பார்த்தபோது, பாலிகார்பனேட் கூண்டுகளையும் பாட்டில்களையும் தவறான கடும் சோப்புக் கரைசலில் கழுவியிருந்தது தெரிந்தது. பிளாஸ்டிக் அரித்து, ஹார்மோனைப்போலச் செயல்படும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்து சுண்டெலிகளின் உடலுக்குள் போயிருந்தது. அதே குழு 2018-இல், மாற்றாக வந்த பாலிசல்ஃபோன் கூண்டுகளும் சேதமடைந்தால் வேறு பிஸ்பினால்களைக் கசியவிடும் என்று வெளியிட்டது.

நம் கூடங்களில் கூண்டு கழுவுபவர் பெரும்பாலும் மிகக் குறைந்த சம்பளம் பெறும் தற்காலிகப் பணியாளர். எந்தக் கரைசல், எவ்வளவு நீர்த்து, எத்தனை முறை அலச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கூண்டில் வெண்படலமோ, நுண்விரிசலோ, பிசுபிசுப்போ தெரிந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டும் என்ற அதிகாரமும் அவருக்கு இல்லை. கூண்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை அவருடைய பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் கிடைக்கும் பலன் எந்த ரேக்கிலும் கிடைக்காது. வாங்கும் பிளாஸ்டிக் எந்த வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் பாருங்கள். பாலிபுரொப்பிலீனும் பாலிகார்பனேட்டும் 121 டிகிரிக்கு. 134 டிகிரியில் ஓட்டும் ஆட்டோகிளேவ் என்றால் பாலிசல்ஃபோன் வகைதான் நிற்கும்.

பணமே தேவைப்படாத ஒரு மேம்படுத்தலும் உண்டு. 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்டும் ரெபெக்கா வெஸ்டும், வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலிகளைவிடக் குழாயில் ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுக்கப்படும் சுண்டெலிகளிடம் அச்சம் வெகுவாகக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போதும். கூண்டுக்குள்ளேயே போட்டுவைத்தால் அதற்குள் தாமாகவே ஓடி ஒளியும். குழாயோடு தூக்கிப் புதுக் கூண்டில் விட்டுவிடலாம். முதல் வாரம் நேரம் பிடிக்கும், பிறகு வாலைத் துரத்துவதைவிட விரைவாக முடியும்.

## எந்த நிலையில் நான் எதைச் சொல்வேன்

ஆட்டோகிளேவ் சிறியது, ஈரப்பதம் கட்டுக்குள் இல்லை, ஜெனரேட்டர் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் வந்த பணத்தை முழுவதும் அறைக்குச் செலவிடுங்கள். கூண்டு பழையதாகவே இருக்கட்டும்; சேதமடைந்தவற்றை மட்டும் மாற்றுங்கள். அறை சரியாக இருந்து, நோயெதிர்ப்புக் குறைந்த சுண்டெலிகளை வைத்து ஐந்தாண்டுக்கு மேல் ஆய்வு தொடரும் என்பது உறுதியானால் ஒரே ஒரு ஐவிசி ரேக்கும் ஒரு காற்று மேசையும் வாங்குங்கள். இரண்டு ரேக் வாங்கி, காற்று மேசைக்குப் பணமில்லாமல் கூண்டுகளை அறையின் நடுவே திறந்து மாற்றுவதைவிட இது பல மடங்கு நல்லது. ஆய்வுகளே குறைவு என்றால் பொது வசதியோடு ஒப்பந்தம் போட்டு, மிச்சப் பணத்தை வேறு கருவிக்கு மாற்ற அனுமதி கேளுங்கள்.

ரேக் வாங்குவதென்று முடிவானால் டெண்டரில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஊதி நின்றால் கூண்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு மணிக்கு மணி எவ்வளவு ஏறுகிறது என்று உங்கள் அறையிலேயே அளந்து காட்ட வேண்டும். உதிரி பாகங்களின் விலைப்பட்டியல் ஐந்தாண்டுக்கு மாறாமல் இருக்க வேண்டும். பொறியாளர் தமிழ்நாட்டிலேயே இருந்து 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அலாரம் இரவில் பராமரிப்பாளரின் கைப்பேசிக்கும் கூடத்தின் பொறுப்பாளரின் கைப்பேசிக்கும் செல்ல வேண்டும். சுண்டெலிகளை உள்ளே விடும் முன் ரேக்கை வெறும் கூண்டுகளோடு இரண்டு வாரம் ஓட்டி, ஒரு மின்தடை நாளையும் அதில் சேர்த்து, வெப்பமும் ஈரப்பதமும் பதிவான தாளைப் பெற்ற பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.